நான் மாலை போட்ட காரணம்

என் மகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. மருமகனுக்கு இரண்டும் வராது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவில் தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்கள் நாலைந்து பேர்தான் மிச்சம். அவர்களுக்குத் தெரிந்தால் தெரியட்டும். ஐம்பத்தைந்து வயதுக்குப் பிறகு வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது? வெட்கப்பட்டதால்தான் இவ்வளவு கூத்தும் நடந்தது.

எனக்குத் தீட்டு நின்றது ஐம்பத்தொன்றில். அப்பாடா என்று இருந்தது. இனி நாள் பார்க்க வேண்டாம், துணிக்கு அலைய வேண்டாம், எந்த விசேஷத்துக்கும் பயமில்லாமல் போகலாம் என்று நினைத்தேன். ஒரு வருஷம் அப்படித்தான் போயிற்று. அதற்கப்புறம் நீர்க்கடுப்பு வந்தது. வெயில் சூடு என்று இளநீர் குடித்தேன், போனது. மறுபடி வந்தது. மறுபடி இளநீர். பிறகு போகவே இல்லை, அதோடு இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. தும்மினால் சொட்டியது.

மற்ற பெண்களுக்குத் தும்மல் எப்போதாவது வரும். எனக்கு வேலையே தும்மல்தான். கொச்சங்காடியில் ஒரு சுக்குக் குடோனில் பதினாறு வருஷமாக இருக்கிறேன். பத்துப் பன்னிரண்டு பெண்கள் தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்து, முழுசு, உடைசல், பூச்சி அரித்தது என்று சுக்கைத் தரம் பிரிப்போம். சுக்குத் தூசி மூக்கில் ஏறாமல் அரை மணி நேரம் இருக்க முடியாது. ஒருத்தி தும்ம ஆரம்பித்தால் வரிசையாக எல்லோரும் தும்முவோம். நான் மட்டும் தும்மும்போது காலை இறுக்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வேன். பக்கத்தில் இருப்பவள் நான் சாமி கும்பிடுகிறேன் என்று நினைத்திருக்கலாம்.

அந்தக் குடோனில் வேலை கஷ்டமில்லை, கக்கூஸ்தான் கஷ்டம். முற்றத்துக்கு அந்தப் பக்கம் ஒன்றே ஒன்று. லோடு இறக்குகிற சேட்டன்மார் உட்கார்ந்து பீடி குடிக்கிற பெஞ்சைத் தாண்டித்தான் போக வேண்டும். கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதனால் நாங்கள் யாரும் தண்ணீர் குடிக்க மாட்டோம். காலையில் வீட்டில் பால் விடாத ஒரு கட்டன் சாயா, அதோடு மத்தியானச் சோறு வரைக்கும் தொண்டையில் சொட்டு நீர் இறங்காது. யாரும் சொல்லித் தந்ததல்ல; புதிதாக வருகிறவள் ஒரு வாரத்தில் தானாகவே கற்றுக்கொள்வாள். நான் அதில் கெட்டிக்காரி. காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் மூன்று மணி வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன். அதைப் பெருமையாக வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெருமை மண்ணோடு மண்ணாகப் போயிற்று. மூன்று மணிக்குக் கிளம்பி வீட்டுக்கு நடந்தால் பத்து நிமிஷம். வாசலுக்கு வந்து பூட்டில் சாவியைப் போடும்போதே முட்டிக்கொண்டு வரும். கதவைத் திறந்து நாலு அடி வைப்பதற்குள் பாவாடை நனைந்துவிடும். பழைய நைட்டியைக் கிழித்து மடித்து வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். அந்தத் துணிகளை மாடியில் காயப்போட பயந்து, அடுப்படி ஜன்னலுக்கு உள்பக்கம் கயிறு கட்டி உலர்த்தினேன். கைத்துணி என்று என் வீட்டுக்காரர் நினைத்து ஒருநாள் அதில் கையைத் துடைத்துவிட்டார். நான் பிடுங்கிக்கொண்டு கத்தினேன். பாவம், எதற்குக் கத்தினேன் என்று அவருக்கு விளங்கவில்லை.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெட்டி ஆட்டோ ஓட்டுகிறார். குடோனுக்கும் மார்க்கெட்டுக்குமாக மூட்டை ஏற்றுவார். அதிகம் பேசமாட்டார், என் வாய்க்கு அப்படி ஒருவர்தான் சரி. மகளைக் கட்டிக்கொடுத்து அவள் திருப்பூணித்துறைக்குப் போனபிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இரண்டே அறை. அந்த வயதில் எங்களுக்குள் நெருக்கம் குறையவில்லை, கூடியது என்றுகூடச் சொல்லலாம். மகள் முழித்துக்கொள்வாளோ என்ற பயம் இல்லையே.

அதுவும் போயிற்று. தீட்டு நின்று இரண்டு வருஷம் ஆனதும் அவர் பக்கத்தில் வந்தாலே எனக்கு வலி. சாதாரண வலி இல்லை, மிளகாய் அரைத்த கையால் தொட்டமாதிரி எரியும். மறுநாள் முழுக்க நீர் போகும்போது உயிர் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். பெண்ணுக்கு வலிப்பது ஒரு பெரிய விஷயமா என்று என்னை நானே அதட்டினேன். கடைசியாக ஒரு தடவை தாங்க முடியாமல் முழங்கையால் தள்ளிவிட்டேன். அவர் எழுந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, "ஸாரி" என்றார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் ஸாரி அது. எனக்கு அழுகை வந்தது. ஆனால் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மறுநாளே பாயை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்துவிட்டேன். உள்ளே ஃபேன் சத்தம், தூக்கம் வரவில்லை என்றேன். அவர் ஃபேனை மாற்றினார். முழங்கால் வலி, தரைதான் நல்லது என்றேன். அவர் தைலம் வாங்கி வந்தார்.

எனக்கு அவர் வேண்டாம் என்றில்லை. அதுதான் எரிச்சல். எனக்கு அவர் வேண்டும். முதுகில் அவர் கையை வைத்துக்கொண்டு தூங்கிப் பழகியவள் நான். ஆனால் கை வந்தால் மற்றதும் வரும், மற்றது வந்தால் வலிக்கும், வலித்தால் சொல்ல வேண்டும், சொன்னால் அந்த நாற்றத் துணிகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பதிலாக அவர் என்னைக் கோபக்காரி என்று நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எட்டு மாசம் இப்படிப் போனது. அவரும் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தார். ஏற்கெனவே குறைவாகப் பேசுகிறவர் இன்னும் குறைத்தால் வீட்டில் டிவி மட்டும்தான் பேசும்.

ஐப்பசி கடைசியில் ஒருநாள் மத்தியானம். ஞாயிற்றுக்கிழமை. மத்தி வறுத்து வைத்திருந்தேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "இன்னைக்கு உள்ளே வந்து படுக்கறியா?" என்றார். அதைக் கேட்க அவருக்கு எட்டு மாசம் ஆகியிருக்கிறது. நான் பதறிப்போய், வாயில் என்ன வந்ததோ அதைச் சொன்னேன்.

"இல்ல, நான் இந்த வருஷம் மாலை போடறேன்."

எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. எங்கள் தெருவில் கார்த்திகை பிறந்தால் பாதிப்பேர் சபரிமலைக்கு மாலை போடுவார்கள். ஐம்பது தாண்டிய பெண்களும் போடுவது உண்டு. நாற்பத்தொரு நாள் விரதம். மீன் இல்லை, இறைச்சி இல்லை, புருஷன் பெண்சாதி சேர்க்கை இல்லை. அந்த மூன்றாவதுதான் எனக்கு வேண்டியிருந்தது. நாற்பத்தொரு நாள் எந்தக் கேள்வியும் இல்லாமல் நிம்மதியாக முன்னறையில் படுக்கலாம்.

அவர் மத்தி முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சரி. நானும் போடறேன். சேந்தே மலைக்குப் போவோம்" என்றார்.

மலை! சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை எனக்கு மலை ஞாபகத்திலேயே இல்லை. விரதத்தை மட்டும் நினைத்தேன். விரதத்தின் முடிவில் ஐந்து மணி நேர வண்டிப் பயணமும், ஏற்றமும், அதற்கு மேலே எத்தனை மணி நேரம் என்று சொல்ல முடியாத வரிசையும் இருக்கிறது என்பதை யோசிக்கவில்லை. குடோனிலிருந்து வீட்டு வாசல்வரை அடக்க முடியாதவள், கேரளத்திலேயே நீளமான வரிசையில் நிற்கிறேன் என்று நானே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். இப்படி ஒரு புத்தி யாருக்கு வரும்?

கார்த்திகை ஒன்றாம் தேதி இரண்டு பேரும் மாலை போட்டுக்கொண்டோம். அவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பீடியை விட்டார். மீன் வாசனை வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெளுப்பதற்கு முன் எழுந்து பச்சைத்தண்ணீரில் குளித்து, "சாமியே" என்று கூப்பிட்டுத்தான் என்னை எழுப்பினார். மாலை போட்ட ஆணைச் சாமி என்றும் பெண்ணை மாளிகப்புறம் என்றும்தான் கூப்பிட வேண்டும். "மாளிகப்புறம், சட்னியில உப்பு கூடிப்போச்சு" என்பார். "சாமி, வேணும்னா சாப்பிடுங்க, இல்லாட்டி வெச்சுட்டு எழுந்திருங்க" என்பேன். தெருவில் எல்லோரும் எங்களைப் பார்த்துக் கும்பிட ஆரம்பித்தார்கள். என்ன ஒற்றுமை பார், புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து விரதம் இருக்கிறார்கள் என்று எதிர்வீட்டுக்காரி தன் மருமகளிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

கறுப்புச் சேலை மட்டும் ஒரு உபகாரம் செய்தது. நனைந்தால் தெரியாது. ஆனால் உள்ளே ஈரத்துணியை வைத்துக்கொண்டு சாயங்காலம் விளக்கேற்றும்போது சாமி படத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டேன். பொய் சொல்லி மாலை போட்டதற்கு ஒரு பாவம், அசுத்தத்தோடு விளக்கேற்றுவதற்கு ஒரு பாவம் என்று கணக்கு ஏறிக்கொண்டே போயிற்று. பத்தாம் நாள் நீர்க்கடுப்பு முற்றி அடிவயிறு பிசைய ஆரம்பித்தது.

அன்றைக்குக் குடோனில் நான் மூன்றாவது தடவையாக எழுந்தபோது இத்தா என் பின்னாலேயே வந்தாள். என்னைவிட ஆறேழு வயது மூத்தவள். வரிசையில் எனக்கு அடுத்து உட்காருகிறவள். முஸ்லிம் வீட்டு அக்காவை இங்கே இத்தா என்றுதான் கூப்பிடுவோம். கதவை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு, மலையாளம் பாதி தமிழ் பாதியாகப் பேசினாள்.

"எடீ, காலைலேர்ந்து மூணு தடவை வந்தே. மூணு சொட்டுகூட போகல. எனக்குச் சத்தம் கேக்குதல்லோ."

"கதவைப் பிடிக்க வந்தீங்களா, காது வெக்க வந்தீங்களா இத்தா?"

"ரெண்டுக்கும்தான். எரியுதா?"

உள்ளே உட்கார்ந்தபடியே அழுதுவிட்டேன். நடுவில் கதவு இருந்தது நல்லதாய்ப் போயிற்று. முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். தும்மல், சாவி, துணி எல்லாவற்றையும் சொன்னேன். இத்தா கதவுக்கு அந்தப் பக்கம் 'ம், ம்' என்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தனக்கும் இதே கதை இருந்தது என்றாள். ஒளு செய்துவிட்டுத் தொழ நிற்பாளாம், குனியும்போது ஒரு சொட்டு விழும், மறுபடி போய்க் கைகால் கழுவ வேண்டும், மறுபடி நிற்க வேண்டும். ஐந்து நேரத் தொழுகைக்குப் பத்து தடவை கழுவினாளாம். கடைசியில் கோபம் வந்து டாக்டரைப் பார்க்கப் போனாளாம்.

"இதுக்கு டாக்டரா? வயசானா இதெல்லாம் இருக்கும்ணு..."

"வயசானா கண்ணும் மங்கும். நீ கண்ணாடி போடலயா?" என்றாள்.

மறுநாள் அரைநாள் லீவு சொல்லிவிட்டு இரண்டு பேரும் போனோம். சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர். என் மகள் வயதுதான் இருக்கும். எப்போதிலிருந்து, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எவ்வளவு தண்ணீர் குடிப்பீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தண்ணீரே குடிக்க மாட்டேன் என்று நான் கெட்டிக்காரத்தனமாகச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். தண்ணீர் குடிக்காததால் நீர் தடித்துப்போய் எரிகிறது, எரிவதால் அடிக்கடி முட்டுகிறது, அடக்கி அடக்கிக் கிருமியும் சேர்கிறது என்று விளக்கினார். பதினாறு வருஷத்துச் சாமர்த்தியம் ஒரு நிமிஷத்தில் முட்டாள்தனமாகிப் போயிற்று.

அடுத்து, "சேட்டனோட சேரும்போ வலியுண்டோ சேச்சி?" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கழுத்தைத் தொட்டுக் காட்டி, "நான் மாலை போட்டிருக்கேன், இந்தக் கேள்வியெல்லாம் கேக்கக் கூடாது" என்றேன்.

"மாலை கழுத்துலதானே சேச்சி. நான் கீழே உள்ளதைத்தான் கேக்கறேன்" என்றார் டாக்டர். இத்தா வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

என்ன செய்வது, எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபிறகு சொல்ல முடிந்தது. டாக்டர் பரிசோதித்துப் பார்த்தார். தீட்டு நின்றபிறகு உடம்பில் ஒரு சுரப்பு குறைந்துபோகிறது, அதனால் அந்த இடத்துத் தோல் மெலிந்து, காய்ந்து போகிறது, வலியும் நீர்த்தொல்லையும் இரண்டு நோய் இல்லை, ஒரே வேரிலிருந்து வந்தது என்றார். பாதிப் பெண்களுக்கு மேல் இது வரும், வந்தவர்களில் யாரும் சொல்வதில்லை என்றார். நீரையும் ரத்தத்தையும் சோதித்தார்கள். சர்க்கரை இல்லை. கிருமிக்கு ஒரு வாரம் மாத்திரை. அப்புறம் உள்ளே தடவ அந்தச் சுரப்பு கலந்த ஒரு கிரீம், முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரத்துக்கு இரண்டு நாள். கட்டன் சாயாவைக் குறைக்க வேண்டும், தண்ணீரைக் கூட்ட வேண்டும். நீரை நிறுத்துகிற தசையை இறுக்கி, ஐந்து எண்ணி, விட வேண்டும்; ஒரு தடவைக்குப் பத்து, நாளைக்கு மூன்று தடவை. முட்டினதும் ஓடாமல், கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைத் தள்ளிப்போடப் பழக வேண்டும். ஒரு மாசமாவது ஆகும், நடுவில் விட்டுவிடாதீர்கள் என்றார். மலைக்குப் போக எனக்கு ஒரு மாசம்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து அந்த ட்யூபைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். விரதம் இருக்கும்போது இதை அங்கே போடலாமா? யாரிடம் கேட்பது? குருசாமியிடமா கேட்க முடியும்? கடைசியில் நானே தீர்ப்புச் சொன்னேன். மலையேறுகிற காலில் வெடிப்பு இருந்தால் களிம்பு தடவ மாட்டோமா? அதில் போகாத விரதம் இதில் மட்டும் ஏன் போகவேண்டும்? அன்றைக்கே ஆரம்பித்துவிட்டேன்.

நாலாம் நாள் அவர் ட்யூபைப் பார்த்துவிட்டார். "மூலமா?" என்று மெதுவாகக் கேட்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "ஆமாம்" என்றேன். அன்றையிலிருந்து தினமும் எனக்கு மோரும் பூவன்பழமும் வாங்கி வந்து முன்னால் வைத்தார். ஒரு பொய்க்குக் காவலாக இன்னொரு பொய். ஒவ்வொரு பழத்தையும் உரிக்கும்போது இவ்வளவு நல்ல மனுஷனை எதற்காக இப்படி முட்டாளாக்குகிறோம் என்று இருந்தது.

குடோனில் இத்தா சும்மா இருக்கவில்லை. ஒருநாள் கையோடு ஒரு தாழ்ப்பாள் கொண்டுவந்தாள். லோடு இறக்குகிற சேட்டன் ஒருவரிடம் கொடுத்து அடிக்கச் சொன்னாள். அதோடு, "அந்த பெஞ்சையும் கொஞ்சம் அந்தப் பக்கம் தூக்கிப் போடுங்க. நாங்க இனிமே தண்ணி குடிக்கப் போறோம்" என்றாள். அவர் ஒருமாதிரி விழித்தார். ஆனால் அன்று சாயங்காலமே பெஞ்சு கேட்டுக்குப் பக்கத்தில் போய்விட்டது. பதினாறு வருஷமாக நாங்கள் வாயைத் திறந்து கேட்டதே இல்லை, அவ்வளவுதான்.

தசையை இறுக்கும் பயிற்சியையும் இத்தா மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டாள். பதினோரு மணிக்கு அவள் 'ம்' என்றால் எல்லோரும் இறுக்க வேண்டும், மறுபடி 'ம்' என்றால் விட வேண்டும். வாயாடிக் கூட்டம் திடீரென்று வாயை மூடிக்கொண்டு, சுக்கைக் கையில் பிடித்தபடி சுவரை வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கும். மேஸ்திரி வந்து எட்டிப்பார்த்து, யாராவது செத்துப்போனார்களா என்று கேட்டார். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் எனக்குச் சொட்டியது. மற்றவர்களுக்கும் சொட்டியது என்று அவர்கள் சொன்னபோதுதான், இத்தனை வருஷமாக ஒரே வரிசையில் எத்தனை பேர் காலை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம் என்று தெரிந்தது.

மூன்றாவது வாரம் எரிச்சல் போனது. சாவியைப் பூட்டில் போட்டுவிட்டு நின்று இருபது எண்ணிவிட்டு உள்ளே போக முடிந்தது. அரை மணி ஒரு மணியாயிற்று, ஒரு மணி இரண்டு மணியாயிற்று. மலைக்குக் கிளம்புகிற அன்றைக்கு இரண்டு மணி நேரம் எனக்குத் தாங்கும். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

தெருவில் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு வேன் பிடித்திருந்தோம். இருமுடி கட்டி, காலையிலேயே கிளம்பினோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்துவதாக ஏற்பாடு. முதல் தடவை நிறுத்தினார்கள், போனேன். அடுத்ததற்கு முன்னால், காடு தொடங்குகிற இடத்தில் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. அரை மணி ஆனது. ஒரு மணி ஆனது. எல்லோரும் சரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் இறுக்கி ஐந்து எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்து, ஐந்து, ஐந்து. வேர்த்து ஊற்றியது. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, தலை சுத்துதா?" என்றார்.

அதற்கும் ஒரு பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் எனக்கு அலுத்துவிட்டது. அவர் காதில், "ஒன்னுக்கு முட்டுது. இன்னும் அஞ்சு நிமிஷம் போனா இங்கேயே போயிடும்" என்றேன்.

அவர் எழுந்து நின்றார். "சாமி, கதவைத் திறங்க. மாளிகப்புறம் எறங்கணும்."

முன்னால் இருந்த குருசாமி, இன்னும் கொஞ்ச தூரத்தில் இடம் வரும், அதுவரை பொறுக்கட்டும் என்றார்.

"பொறுக்க முடிஞ்சா அவ சொல்லியிருக்க மாட்டா" என்றார் இவர். கூட்டத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கதவு திறந்தது. சாலையோரம் ஒரு ஓட்டு வீடு. இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டி, வந்த பெண்ணிடம் கேட்டார். அந்தப் புண்ணியவதி ஒரு கேள்வி கேட்காமல் பின்பக்கம் கூட்டிப்போனாள். கொஞ்சம் நனைந்துவிட்டது. முழுக்க நனையவில்லை.

வெளியே வந்தபோது கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தார். வண்டிகள் அப்படியே நின்றன. கையில் ஒரு செம்புத் தண்ணீர் வைத்திருந்தார், கால் கழுவ. அதை வாங்கிக்கொண்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முழங்கையால் தள்ளியது எதற்கு, ஜன்னலில் தொங்கிய துணி எது, மாலை போட்டது ஏன், அது மூலம் இல்லை, ட்யூப் எங்கே போடுவது. குரலை அடக்கத் தெரியாதவள் நான். அந்த வீட்டுப் பெண்ணுக்கும் பாதி கேட்டிருக்கும்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என் மேல பீடி நாத்தம்ணு நினைச்சேன்" என்றார்.

"என்ன?"

"உனக்கு என் நாத்தம் சகிக்கல, அதான் நீ என்னைத் தள்ளிவிட்டேன்னு நினைச்சேன். அதான் பீடிய விட்டேன். மலையில போய் அதைத்தான் கேக்கலாம்ணு இருந்தேன். அவ உள்ளே வந்து படுக்கணும்ணு."

நான் அவரை மேலும் கீழும் பார்த்தேன். "பிரம்மச்சாரி சாமிகிட்டப் போயி இதையா கேப்பாங்க?"

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அழுதேன் என்றும் சொல்லலாம். எட்டு மாசம் அந்த மனுஷன் தன் உடம்பை மோந்து பார்த்துக்கொண்டு தனியாகப் படுத்திருக்கிறார். நான் முன்னறையில் என் துணியை மோந்து பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன். நடுவில் ஒரு சுவர்தான்.

மலை ஏறினோம். வழியில் மூன்று இடத்தில் போனேன். ஒவ்வொரு இடத்திலும் அவர் முன்னால் ஓடி இடம் விசாரித்து வைத்துவிட்டு எனக்காக நின்றார். வரிசையில் என் பின்னால் நின்ற பாட்டிமார் இரண்டு பேர் அவரைப் பார்த்து, எங்களுக்கும் விசாரிங்க சாமி என்றார்கள். சன்னிதியில் நான் நின்றது கண்மூடித் திறக்கும் நேரம். என்ன கேட்டேன் என்று நினைவில்லை. மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

திரும்பி வந்து தெருமுனைக் கோயிலில் மாலையைக் கழற்றினோம். அவர் நேரே போய்க் கரிமீன் வாங்கி வந்தார். பொரித்துச் சாப்பிட்டோம். மூன்று மணி இருக்கும், பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனேன். அந்த நேரத்தில் வலிக்காமல் இருக்க டாக்டர் தந்த வழவழப்பு ஜெல் ஒன்றும் இருந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அதோடு வந்த காகிதத்தை மலையாளத்தில் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தார். ஆட்டோவின் ஆர்.சி. புத்தகத்தைக்கூட அவர் அப்படிப் படித்ததில்லை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. தீர்ந்துவிட்டது என்று டாக்டர் சொல்லவில்லை, தேறும் என்றுதான் சொல்லியிருந்தார்.

அவர் கண்ணாடியைக் கழற்றி ஜன்னலில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "வலிக்குதா?" என்று கேட்டார்.

முப்பத்தோரு வருஷத்தில் அவர் இதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் நான் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

"கொஞ்சம்" என்றேன். "பொறுங்க."

பொறுத்தார். மிக்ஸி நின்று, மறுபடி ஓடி, மறுபடி நின்றது.

"இப்ப?"

"இப்ப இல்ல" என்றேன். அது உண்மையாக இருந்தது.